தாத்தாவின் ஹெர்குலிஸும் கார்த்திக்கின் கியர் ஆசையும்

கார்த்திக்: தாத்தாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளைக் கொல்லையிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டேன். பெயிண்ட் போயிருக்கிறது, ஃப்ரேம் கெட்டியாக இருக்கிறது. கியர், டிஸ்க் பிரேக் போட்டு ஆபீஸுக்கு ஓட்டலாமா மாமா?

முருகேசன் மாமா: டிஸ்க்கை மறந்துவிடு. அதை மாட்ட ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையில், காது இல்லை. வெல்டிங் வைத்து ஒட்டினாலும் அந்தப் பைப்பை நம்ப முடியாது.

கார்த்திக்: கியராவது?

முருகேசன் மாமா: கியர் உள்ள புதுப் பின் சக்கரம் உட்கார ஃப்ரேமின் பின் கவையில் 130, 135 மி.மீ. அகலம் வேண்டும். இதில் அளந்து பார், 110 பக்கம்தான் இருக்கும். இரும்பு ஃப்ரேம் கொஞ்சம் விரித்தால் கொடுக்கும்தான், ஆனால் 25 மி.மீ. என்பது கொஞ்சமா?

செல்வி அத்தை: பேசாமல் புதுசு வாங்கித் தொலையேன்டா.

கார்த்திக்: இது நம்ம ரோட்டுப் பள்ளத்தில் அலுங்காமல் போகிறது அத்தை. முன் ஃபோர்க் நல்ல சாய்வு.

முருகேசன் மாமா: அதை அப்படியே வைத்துக்கொள். காசை பிரேக்கில் போடு. மழையில் இரும்பு ரிம்மில் இந்தக் கம்பி பிரேக், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுப்பது, வழுக்கும்.

கார்த்திக்: இப்போதைய சைக்கிள்களில் வரும் 700சி அளவு அலுமினிய ரிம் பார்த்து வைத்திருக்கிறேன்.

முருகேசன் மாமா: கம்பி பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கம் பிடிப்பது. அந்த ரிம்முக்கு ஆகாது, ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் காலிப்பர் பிரேக்தான் வேண்டும். இன்னொன்று, டயர் உட்காரும் விட்டம் பழைய 28 இன்ச் ரிம்மில் 635 மி.மீ., 700சியில் 622. அதனால் பிரேக் கட்டை ஆறரை மி.மீ. கீழே எட்ட வேண்டும். கை நீளமான காலிப்பராகப் பார். ஃபோர்க் தலையில் போல்ட் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்.

கார்த்திக்: முன்னால் ஓட்டை இருக்கிறது. பின்னால் இல்லை.

முருகேசன் மாமா: அப்போ பின்னால் கோஸ்டர் ஹப், சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே பிரேக் இருப்பது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கும். பெரும்பாலும் 110 அகலத்திலேயே வரும், ஃப்ரேமைத் தொட வேண்டாம். ஆனால் பழைய பின் ரிம்மில் ஸ்போக் கம்பிக்கு 40 ஓட்டை, புது ஹப்பில் 36. பின் ரிம்மையும் மாற்றியாக வேண்டும். எண்ணாமல் ஆர்டர் போடாதே.

செல்வி அத்தை: மேம்பாலம் எப்படி ஏறுவான்?

முருகேசன் மாமா: கோஸ்டர் வந்தால் ஃப்ரீவீல், அதாவது பின்னால் செயின் ஓடும் பழைய பல் சக்கரம், போய்விடும். ஹப்பிலேயே 22 பல் சக்கரம் கிடைத்தால் போடு. பழைய 18 பல்லைவிட மிதிப்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு லேசு. செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும்.

தாத்தா: டைனமோவைக் கழற்றாதே.

கார்த்திக்: இருக்கட்டும் தாத்தா. மாமா, பெடல் கிராங்க் ஆடுகிறது.

முருகேசன் மாமா: கிராங்கை அச்சில் இறுக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும், மாற்றிவிடு. அந்த அச்சுக்கு மூடிய பேரிங் உள்ள சீல்டு பிராக்கெட் போட ஆசைப்பட்டால், பேரிங்கைத் தாங்கும் பழைய கப்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போ. மரை எல்லாம் ஒன்று போல இருக்காது. புதுசு கையால் சுலபமாகத் திரும்பாவிட்டால் விட்டுவிடு.

கார்த்திக்: சரி மாமா. ஞாயிறு அளந்து போட்டோ அனுப்புகிறேன்.