மந்தார நாள் முகப்படங்களில் ஏறும் நீலம்: ‘கலர் காஸ்ட்’ என்பதற்கு ‘நிறத்தோய்வு’

அன்புடையீர்,

மேகமூட்டமான நாள்களில் வெளியிடத்தில் முகப்படம் எடுப்போர் எந்த வண்ணப் படச்சுருளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தமிழில் எழுத முயன்றபோது, படம் முழுவதும் ஒரே நிறம் ஏறிவிடும் குறையான ‘கலர் காஸ்ட்’ என்பதற்குப் பொருத்தமான சொல் இல்லாமல் இரண்டாம் பத்தியைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை. இந்தக் கலைச்சொல் உரையாடலில் அதற்கு ஏற்கெனவே முன்வைக்கப்பட்ட நிறச்சாயல், நிறத்திரிபு, நிறப்படலம் ஆகிய மூன்றையும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்த பிறகே ‘நிறத்தோய்வு’ என்பதை முன்மொழிகிறேன்.

பகலொளிப் படச்சுருள்கள் ஏறத்தாழ 5500 கெல்வின் நிற வெப்பநிலைக்கு (ஒளி எவ்வளவு மஞ்சள் அல்லது நீலம் என்பதைக் காட்டும் அளவு; எண் கூடினால் நீலம் கூடும்) ஏற்பச் சமன்செய்யப்பட்டவை. மூட்டம் போட்ட வானத்தின் ஒளியோ 6500 கெல்வினைத் தாண்டி நீலத்தின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நம் கண் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். படச்சுருளால் அது இயலாது. அதனால் மாநிறக் கன்னம், வெள்ளைப் புடவை, பின்னாலிருக்கும் சுவர் என எல்லாவற்றிலும் ஒரே நீலம் ஏறிவிடுகிறது. ஒன்றையும் விடாமல் ஏறுவது என்னும் இந்தப் பண்பைத்தான் கலைச்சொல் சுமக்க வேண்டும்.

‘சாயல்’ முகப்படக் கட்டுரைக்கு ஆகாது. அப்பாவின் சாயல், அத்தையின் சாயல் என்று நாம் பேசுவது முகத்தைப் பற்றியே என்பதால், ‘படத்தில் சாயல் தெரிகிறது’ என்று எழுதினால் வாசகர் வேறு பொருள் கொள்வார். ‘திரிபு’ என்றால் ஒரு நிறம் இன்னொன்றாக மாறியதாகத் தோன்றும். வில்லையின் குறையைச் சுட்டும் நிறப்பிறழ்ச்சியோடும் அது குழம்பும். ‘படலம்’ மேற்பரப்பில் படிந்ததை, துடைத்தால் போய்விடுவதை, நினைவூட்டுகிறது. இந்த நீலம் படத்தின் சாய அடுக்குகளிலேயே இருப்பது.

சொட்டு நீலம் கூடிப்போன வாளியில் முக்கியெடுத்த வேட்டியை நினைத்துப் பாருங்கள். இழை இழையாக நிறம் இறங்கியிருக்கும். ஆனாலும் அது வேட்டியின் சொந்த நிறமன்று. தோய்தல் என்னும் வினை இதைத் துல்லியமாகச் சொல்கிறது. நீலத்தோய்வு என்பதுபோலவே, குழல்விளக்கடியில் எடுத்த படங்களில் வருவதைப் பச்சைத்தோய்வு எனலாம். ஃபூஜிஃபிலிம் தன் சில நெகடிவ் சுருள்களில் நான்காவது உணர்வடுக்கைச் சேர்த்தது அதைக் குறைக்கத்தான்.

படச்சுருள் தேர்வை விளக்கும்போதும் இச்சொல் தடையின்றி ஓடுகிறது. ஸ்லைடு சுருளில் பதிந்ததே இறுதிப் படமாதலால், நிறத்தோய்வைப் படமெடுக்கும்போதே 81ஏ அல்லது 81பி வடிகட்டியால் தணிக்க வேண்டும். நெகடிவ் சுருளில் அச்சிடும்போதோ ஸ்கேன் செய்யும்போதோ பெரும்பகுதியை நீக்கிவிடலாம் என்பதால், மந்தார நாளுக்கு நான் பரிந்துரைப்பது நெகடிவையே, அதிலும் 2010-இல் புதுப்பிக்கப்பட்ட கோடக் போர்ட்ரா 400-ஐ. அடர்ந்த மூட்டத்தில் வில்லையின் எஃப் 5.6 துளைக்கு 1/400 நொடித் திறப்பு நேரம் கிடைக்கும். ஒரு நிறுத்தம் (ஸ்டாப்), அதாவது இரு மடங்கு, கூடுதலாக ஒளி கொடுத்தாலும் தோலின் நிறம் கெடாது. ஒளி குறைவாகப் பதிந்தால்தான் சிக்கல்: நிழல்களில் இறங்கிய நீலத்தை நீக்க முயன்றால் முகத்தில் மஞ்சள் ஏறும். 2008-இல் வந்த, கோடக்கின் இன்னொரு நெகடிவ் சுருளான எக்டார் 100 நிறங்களை அழுத்திக் காட்டுவதால் தோலில் சிவப்பையும் நிழலில் நீலத்தையும் மிகுத்துவிடுகிறது. நிலக்காட்சிக்கு அதை விரும்பினாலும் முகத்துக்கு எடுக்கமாட்டேன்.

‘வான்தோய்’ என்னும் பழைய வழக்கில் தோய்தல் தொடுதலையே குறிக்கிறது என்ற மறுப்பு எழலாம். சாயத்தில் தோய்த்தல் இன்றும் வழங்குவதால் அது பெரிய தடையன்று. ‘தொய்வு’ என்று தவறாகத் தட்டச்சாகும் வாய்ப்பே என்னை உறுத்துகிறது. சுருளைக் கேமராவில் ஏற்றும்போது நேரும் தளர்ச்சியையும் தொய்வு என்றே சொல்கிறோம் அல்லவா? ஆகவே கலைச்சொல் பட்டியலில் ‘தோய்வு’ எனத் தனித்து இடாமல், ‘நிறத்தோய்வு’ என்ற முழு வடிவத்தையே பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.