ஜப்பான் ஹையேஸ் கேம்பர்: நிறுத்தினா ஐஸ்பெட்டி குளிரல, 100 வோல்ட் பிளக், கூரை ஒழுக்கு

தெலுக்கும்பார்_காத்து:

வணக்கம் அண்ணன்மாரே. காடி 1996 டொயோட்டா ஹையேஸ் வேன், 3எல் டீசல் எஞ்சின், உயரக் கூரை. உள்வேலை எல்லாம் ஜப்பான்லயே செஞ்சது, எதையும் மாத்தல. மூணு விஷயம் பிடிபடல.

ஐஸ்பெட்டி 12 வோல்ட் பேட்டரி, வீட்டுக் கரண்ட், கேஸ் மூணுலயும் ஓடுற வகை. காடி ஓடும்போது குளிருது. பினாங்கு பத்து ஃபிரிங்கி கடற்கரையில காலையில நிறுத்தினா மத்தியானத்துக்குள்ள தண்ணி போத்தல் வேர்க்கக்கூட மாட்டேங்குது. ரெண்டாவது, பிளக் எல்லாம் ரெண்டு தட்டைக் கால், 100 வோல்ட்னு ஒட்டியிருக்கு. நம்ம வீட்டுக் கரண்டை எப்படிக் கொடுக்கிறது? மூணாவது, மழை பெஞ்சா படுக்கை ஓரப் பலகை ஊறுது. ஆனா கூரை ஜன்னல் அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கு.

பிறை_பட்டறை:

தம்பி, முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்: நிறுத்தினதும் பெட்டிக்கு 12 வோல்ட் போறதே இல்லை. எஞ்சின் ஓடினா மட்டும் கரண்ட் விடுற ரிலே ஒண்ணு இருக்கும். அது பழுது இல்லை, வேணும்னே வச்சது. பெட்டியைச் சூடேத்துற எலிமென்ட் 100லிருந்து 120 வாட், அதாவது 8லிருந்து 10 ஆம்பியர், ஓயாம இழுக்கும். 100 ஆம்பியர் மணி ஈயபேட்டரியில பாதிக்கு மேல எடுக்கக்கூடாது. அஞ்சு மணி நேரத்துல கதை முடிஞ்சிடும். அதனால ரிலேயைத் தாண்டி நேரா பேட்டரியில இழுத்துடாதீங்க. நிறுத்தினா கேஸ், இல்லன்னா கரண்ட்.

மீதிப் பாதி சாய்வு. இந்தப் பெட்டியில கம்பிரசர் கிடையாது. பின்னால கொதிகுழாய் சூடாகி, அம்மோனியா ஆவியா மேல போய், குளிர்ந்து, தானா இறங்கி வரணும். பழைய மாடல் ரெண்டு மூணு டிகிரிக்கு மேல சாய்வு தாங்காது. ஓடும்போது காடி அப்படியும் இப்படியும் ஆடுறதால சமாளிச்சிடும். சாய்ச்சு நிறுத்திட்டு சூடேத்திக்கிட்டே இருந்தா திரவம் தேங்கி, துரு பிடிக்காம இருக்கக் கலந்திருக்கிற குரோமேட் உப்பு படிஞ்சு குழாய் அடைச்சிடும். அதுக்கப்புறம் அந்தப் பெட்டி எழுந்திருக்காது. சின்ன ரசமட்டம் ஒண்ணை ஃபிரீசர் தட்டுல வச்சுப் பாருங்க. காடித் தரை மட்டத்தை நம்பாதீங்க, தரையும் பெட்டியும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பின்பக்கம் மஞ்சள் தூளோ அம்மோனியா நெடியோ இருந்தா கசிவு. அணைச்சு, கதவைத் திறந்து விட்டு, ஆள் வச்சுக் கழட்டிடுங்க.

இன்னொண்ணு காத்து. இந்த வகை வெளிச் சூட்டுக்குக் கீழ 20, 25 டிகிரிதான் இறக்கும். பினாங்கு வெயில்ல மூடின வேனுக்குள்ள 40 தாண்டும், கணக்கு நீங்களே போட்டுக்குங்க. பெட்டிக்குப் பின்னால காடிச் சுவர்ல இருக்கிற மேல் சல்லடைக்கு உள்பக்கம் 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு, காத்தை வெளியே தள்ளுற மாதிரி மாட்டுங்க. 0.3 ஆம்பியருக்குள்ள அடங்கிடும். பெட்டி மேல்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவுல சந்து இருந்தா தகரம் வச்சு அடைங்க. இல்லன்னா காத்து, சூட்டை வெளிய விடுற கண்டன்சர் மேல படாம சுத்திக்கிட்டுப் போயிடும்.

கேஸ்ல சுடர் மஞ்சளா, சோம்பலா எரிஞ்சா கேஸ் வர்ற சின்னத் துளை முனையை, அதான் ஜெட்டை, கழட்டி ஆல்கஹால்ல ஊறப்போட்டு ஊதுங்க. ஊசி விடவே கூடாது, துளை பெருசாயிடும்.

ஜெலுத்தோங்_வயர்மேன்:

ஓடும்போதும் சுமாராகத்தான் குளிர்கிறது என்றால் வயரைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பெட்டி வரை 5 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் போகவர 10 மீட்டரில் 10 ஆம்பியருக்கு 1.2 வோல்ட் அளவு விழும். எலிமென்டின் சூடு வோல்ட்டின் இருமடியில் குறையும். 12க்குப் பதில் 10.8 வந்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் விழுவது 0.3 வோல்ட்தான். பேட்டரி பக்கம் 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

100 வோல்ட் விஷயத்தில் விளையாட வேண்டாம். 230ஐ நேராகக் கொடுத்தால் 300 வாட் எலிமென்ட் 1,600 வாட் அளவுக்கு இழுக்கும், அடுத்த நிமிடம் கரிதான். தனித்தனிச் சுருள் உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் 230க்கு 100, 1,500 விஏ வாங்குங்கள். கடையில் 110 வோல்ட்டும் அதே சாமான்தான் என்பார்கள், இல்லை. 110 கொடுத்தால் சூடு 21 விழுக்காடு கூடும். மைக்ரோவேவ் இருந்தால் பின்பக்க ஒட்டைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்றிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் அதன் உள் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிப் போய்விடும். அதைக் கழற்றிச் சாமான் வைக்கும் பெட்டியாக்கலாம், அளவு நன்றாகவே இருக்கும்.

தெலுக்கும்பார்_காத்து:

டிரான்ஸ்ஃபார்மர் வேணாம், உள்ள இருக்கிற வயர்லயே 230 விட்டு நம்ம பிளக் மாத்திட்டா ஆகாதா அண்ணே?

ஜெலுத்தோங்_வயர்மேன்:

ஆகாது. அது பெரும்பாலும் இரண்டு வயர், எர்த் இல்லை. காடி உடம்பு இரும்பு, வெளியே ஈரப் புல்லில் நின்று கதவைத் தொடுவீர்கள். 230தான் வேண்டுமென்றால் பழையதை முழுக்க உருவி, 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று வயர் கேபிள், உடம்போடு போல்ட் போட்ட எர்த், நுழைவிலேயே 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச். ஐஸ்பெட்டியின் கரண்ட் எலிமென்டையும் 230 வகைக்கு மாற்ற வேண்டும்.

பாலிக்புலாவ்_மழை:

கூரை ஜன்னல்லருந்து வர வாய்ப்பு நல்லாவே இருக்கு. தண்ணி பிளைவுட் விளிம்பைப் பிடிச்சு ஓடி, திருகு ஓட்டை கண்ட இடத்துல இறங்கும். இன்னொரு சந்தேகம், ஃபைபர் கூரை இரும்பு உடம்போட சேர்ற விளிம்பு. தண்ணி பீச்சிப் பார்த்தா ரெண்டுல எதுன்னு தெரியாது. மாத்திப் பண்ணுங்க: கதவு ஜன்னல் எல்லாம் மூடி, ஒரு ஜன்னலை அட்டை வச்சு அடைச்சு, அதுல இலை ஊதுற புளோவரைச் செருகி உள்ள காத்தை அழுத்துங்க. வெளியே சந்து முழுக்க சோப்புத் தண்ணி பிரஷ்ல பூசுங்க. ஓட்டை இருக்கிற இடத்துல நுரை கொப்புளிக்கும்.

கண்டுபிடிச்சதும் மேல சிலிக்கோன் பசை அப்பிடாதீங்க. அதோட எண்ணெய்ப் பசை போகாது, அப்புறம் எந்தப் பசையும் ஒட்டாது. சட்டத்தைக் கழட்டி, பழசைப் பிளாஸ்டிக் தகட்டால சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு, அடியில பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) போட்டுத் திருகுங்க. திருகை ஒரேயடியா இறுக்காம ஒரு நாள் விட்டு மறுபடி ஒரு சுத்து இறுக்குங்க, டேப் மெதுவாத்தான் அமுங்கும். பிதுங்கினதை வெட்டிட்டு விளிம்புல பாலியூரித்தேன் பசை ஒரு கோடு. ஊறின பலகையை ஸ்குரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. மொத்து மொத்துன்னு சத்தம் வந்தா உள்ள உளுத்துப் போச்சு, அந்தத் துண்டை வெட்டி மாத்தணும்.

ஐஸ்பெட்டிக்கு இவ்வளவு பாடுபடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல பட்டறை அண்ணே. 40 லிட்டர் 12 வோல்ட் கம்பிரசர் பெட்டி நம்ம சூட்டுலயும் நாளைக்கு 40, 50 ஆம்பியர் மணியில அடங்கும், சாய்வும் பெரிய பிரச்சினை இல்ல.

பிறை_பட்டறை:

சரிதான், ஆனா ராத்திரியில கம்பிரசர் சத்தம் போடும், ரெண்டாவது நாள் பேட்டரிக்கு சோலாரும் வேணும். தம்பி, அதுல இறங்குறதுக்கு முன்னால ஒரு வேலை: காடிக்கு அடியில பின் ஹீட்டருக்குப் போற இரும்புக் குழாய் ரெண்டையும் விரலால தடவிப் பாருங்க. துரு செதில் செதிலா வந்தா எஞ்சின் பக்கம் ரெண்டு முனையையும் ஹோஸால யூ வளைவா இணைச்சு, பின்னால போகாம அடைச்சிடுங்க. நம்ம ஊர்ல அந்த ஹீட்டரால எந்தப் பயனும் இல்ல. குழாய் போச்சுன்னா கூலண்ட் முழுக்கக் கீழ போய், எஞ்சின் தலை (சிலிண்டர் ஹெட்) வெந்துடும்.