உதவி: வாராவாரம் ஸ்டார்ட் பண்ணியும் கிளாசிக் கார் மக்கர் பண்ணுது. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டணும்?

நாலு_சிலிண்டர்:

வண்டி 1960களின் தயாரிப்பு. 4 சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர், பாயிண்ட் இக்னிஷன், டைனமோ, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ரோட்டில் இறங்குவது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். நடுவில் வாராவாரம் ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து, 10 நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்துவிடுகிறேன். அப்படியும் இவ்வளவு தொல்லை:

1. செல்ஃப் 15–20 விநாடி அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்தபின் சீராக ஓடுகிறது.
2. 45 ஆம்பியர்-மணி பேட்டரி, மாற்றி ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் செல்ஃப் சுற்றத் திணறுகிறது.
3. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளைப் படிவு. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டதா?
4. கடைசியாக ஓட்டியபோது இடது முன் சக்கர டிரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டினால் இதெல்லாம் வராது?

டைனமோ_22:

முதலில் அந்த வாராந்திர 10 நிமிட ஸ்டார்ட்டை நிறுத்துங்கள். வண்டி சும்மா நிற்பதைவிட அது அதிகக் கெடுதல்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடானால் அந்த ஆவி அப்படியே போய்விடும். 10 நிமிட ஐட்லிங்கில் சைலன்சரின் பின்பாதி சூடே ஆகாது. தண்ணீர் உள்ளேயே தங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். பிஸ்டன் ரிங் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கும் ஆவி, குளிர்ந்த மூடியில் ஒட்டி ஆயிலோடு கலந்துவிடும். உங்கள் மோர் அதுதான். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம். அது காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. ஆயில் 80 டிகிரியைத் தாண்ட, லோடு கொடுத்து 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும்.

கேஸ்கெட்டா என்று பார்க்க டிப்ஸ்டிக்கை உருவுங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறையாமல் இருந்தால் பயமில்லை. மூடியைத் துடைத்துவிட்டு 30 கிலோமீட்டர் ஓட்டிவந்து திரும்பப் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் மோர் நிறம் என்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

பேட்டரி கணக்கு இன்னும் மோசம். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 20 விநாடிக்கு 0.8 ஆம்பியர்-மணி போச்சு. டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் கொடுக்காது. சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 10 நிமிடமும் இக்னிஷன் காயில் 3–4 ஆம்பியர் பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். அது இன்னொரு 0.6. ஆக ஒவ்வொரு வாரமும் 1.4 ஆம்பியர்-மணி வெளியே, உள்ளே பூஜ்யம். பத்து வாரத்தில் 14. பேட்டரி தானாக இறங்குவது தனி. லூகாஸ் சி40 மாதிரி டைனமோ முழு வேகத்தில் ஓடினாலே 22 ஆம்பியர்தான். ஹெட்லைட் போட்டு ஓட்டினால் அதிலும் மிச்சம் கொஞ்சம்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 30 நிமிடத்துக்குக் குறையாமல், 25–30 கிலோமீட்டர். ரொம்ப முடியாவிட்டால் மாதம் ஒன்று. கணக்கில் வருவது ஓடிய தூரம், ஸ்டார்ட் செய்த தடவை அல்ல.

ஜெட்_சுத்தம்:

முதல் பிரச்சினை கார்புரேட்டர் காய்ந்துபோவது. புளோட் சேம்பரில் (கார்புரேட்டர்ல பெட்ரோல் தங்குற கிண்ணம்) இருக்கும் பெட்ரோல் ஒரு வாரத்தில், வெயில் காலம்னா அதுக்கும் முன்னாடியே, ஆவியாயிடும். மெக்கானிக்கல் பம்ப் டேங்க்ல இருந்து இழுத்து அதை நிரப்புறவரைக்கும் நீங்க செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

பம்புக்கு அடியில சின்ன கை லீவர் இருக்கான்னு பாருங்க. இருந்தா செல்ஃப் அடிக்கும் முன்னாடி 15–20 தடவை அடிங்க. முதல் அடியிலேயே லீவர் சுமையே இல்லாம லொடலொடன்னு ஆடினா, பம்பை இயக்குற கேம் தண்டோட மேடு பம்ப் ஆர்மைத் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இன்ஜினை ஒரு சுற்று சுத்திட்டு மறுபடி அடிங்க. சேம்பர் நிரம்பினதும் லீவர் தளர்ந்துடும். அப்புறம் சோக் இழுத்து ஒரு அடி. 2–3 விநாடில பிடிச்சுதுன்னா பம்ப் நல்லா இருக்கு, பெட்ரோல் ஆவியானது மட்டும்தான் கதை.

லீவரை எத்தனை தடவை அடிச்சாலும் நிரம்பலைன்னா டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல உள்ள ரப்பர் ஹோஸைப் பாருங்க. அது இழுக்கிற பக்கம். வெடிப்பு விட்டா பெட்ரோல் வெளிய ஒழுகாது, காத்துதான் உள்ள போகும். அதனால கண்ணுக்கே தெரியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைச்சுடும். மாத்துறப்ப எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தரத்து ஹோஸ் போடுங்க.

இன்னொண்ணு: டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க. பெட்ரோல் நாத்தம் அடிச்சு ஆயில் மட்டமும் ஏறியிருந்தா பம்ப் டயாபிரம் (உள்ள இருக்கிற சவ்வு) கிழிஞ்சிருக்கலாம். அந்த ஆயிலோட ஓட்டினா பேரிங் போயிடும்.

ஹார்ன்_ப்ளீஸ்:

டைனமோ சார்ஜ் பண்ணுதான்னு பார்க்க ஈசி வழி இருக்கு. வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க. நிக்காம ஓடினா டைனமோ ஓகே.

டைனமோ_22:

ஹார்ன்_ப்ளீஸ், தயவுசெய்து வேண்டாம். பேட்டரி இல்லாமல் ஓடினால் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. அது தாறுமாறாக ஏறி பல்பும் ரெகுலேட்டரும் போகும். ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டி என்றால் டயோடு போகும். டெர்மினலைப் பிடுங்கும்போது வரும் பொறி, பேட்டரியின் ஹைட்ரஜன் வாயுவுக்குப் பக்கத்திலேயே அடிக்கிறது என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

மல்டிமீட்டர் போதும். ஒரு இரவு நிறுத்திவைத்து அளந்தால் 12.6 முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் பிடித்து அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட் தளர்ச்சி, டைனமோ பிரஷ், கட்-அவுட் பாயிண்ட் (டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) என்ற வரிசையில் பாருங்கள்.

டிரம்_ஷூ:

இடது முன் சக்கரம் மட்டும் சூடு என்பதால் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) இப்போதைக்கு விட்டுவிடலாம். கோளாறு அதில் இருந்தால் நாலு சக்கரமும் பிடிக்கும்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துவிட்டு உடனே திரும்பச் சுற்றுங்கள். இறுகிப்போயிருந்தால் பிளீட் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) கால் சுற்றுத் திறங்கள். ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் விடுபட்டால், பிரேக் ஹோஸின் உள்ரப்பர் ஊதி வழியை அடைத்திருக்கிறது. மிதிக்கும் அழுத்தத்துக்கு வழிவிடும், திரும்பும் ஆயிலுக்கு விடாது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஷூ அட்ஜஸ்டர் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கும்.

நிப்பிளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு, ரிங் ஸ்பேனர் போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் தலை உருண்டுவிடும்.

நாலு_சிலிண்டர்:

சோதித்துவிட்டேன். டிப்ஸ்டிக் தெளிவு, பெட்ரோல் வாடை இல்லை, ரேடியேட்டரும் குறையவில்லை. லீவரை 18 தடவை அடித்தபின் ஒரே அடியில் பிடித்தது. பேட்டரி 12.1. 2000 சுற்றில் 14.1. நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் விடுபட்டது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இனி எடுக்கப் பார்க்கிறேன். ஆனால் ஆண்டில் மூன்று மாதம் வண்டியைத் தொடவே முடியாது. அப்போது?

டிரம்_ஷூ:

அப்படியென்றால் பிரேக் ஹோஸ்தான். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயது, முன் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும்போது உலோகக் குழாயின் நட்டை ஒரு ஸ்பேனரிலும் ஹோஸின் முனையை இன்னொன்றிலும் பிடியுங்கள். இல்லையென்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும். செப்பு வாஷர் புதிதாகப் போடுங்கள். மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து பிளீடிங் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது) ஆரம்பியுங்கள். முழுசாக மாற்ற ஒரு லிட்டர் பிரேக் ஆயில் கையில் இருக்கட்டும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் இரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டைனமோ_22:

14.1 என்றால் டைனமோ மேல் குற்றமில்லை. பேட்டரியைக் கழற்றி 4 ஆம்பியரில் மெதுவாக சார்ஜ் ஏற்றி, 12 மணி நேரம் சும்மா வைத்து அளங்கள். 12.5-க்குக் கீழே நின்றால் தகடுகளில் சல்பேட் படிந்துவிட்டது. அது தேறுவது சந்தேகம்.

மூன்று மாதம் தொட முடியாதென்றால் நடுவில் யாரையும் ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது: ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், பழைய ஆயிலில் உள்ள அமிலம் பேரிங்கை அரிக்கும். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர்வரை வரும்படி 10 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். டயரில் 10 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடியுங்கள், ஆனால் டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இழுத்தே வைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரியில் பாடியோடு சேரும் கேபிளைக் கழற்றுங்கள். எந்தக் கேபிள் என்று கண்ணால் பார்த்துக் கழற்றுங்கள், இந்த வயது வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் (பாடியோடு சேர்வது பாசிட்டிவ் கேபிள்) உண்டு. பிளாஸ்டிக் உறை வேண்டாம், காற்றாடும் துணி உறை போதும்.

திரும்ப எடுக்கும்போது காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை 10 விநாடி, 10 விநாடியாக செல்ஃப் அடியுங்கள். பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்தில் மெதுவாக நகர்த்துங்கள். கியர் பாக்ஸிலும் கிரவுனிலும் (டிஃபரன்ஷியல்) பற்சக்கரம் சுழன்று அள்ளித் தெளித்தால்தான் மேலே ஆயில் ஏறும்.

நாலு_சிலிண்டர்:

மூன்று மாதம் நின்றபின் கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை என்றால்?

ஜெட்_சுத்தம்:

பிளேட் ஃப்ளைவீல்ல ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். முதல்ல இன்ஜினைச் சூடாக்கி அணைச்சுடுங்க. முன்னால ஆள் இல்லாத திறந்த இடமாப் பார்த்து, டாப் கியர்ல போட்டு, கிளட்சை முழுசா மிதிச்சுக்கிட்டே பிரேக்கையும் மிதிச்சு ஒரு சின்ன செல்ஃப் அடிங்க. பெரும்பாலும் டக்குன்னு விட்டுடும். விடலைன்னா திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, செல்ஃப் மோட்டார் தாங்காது.

டிரம்_ஷூ:

சக்கரத்தைக் கழற்றும்போதே டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000-க்கு முந்தின டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயது தாண்டியிருந்தால் அந்த 30 கிலோமீட்டருக்கு முன் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.