ஃபயர்ரெட் கார்ட்ரிட்ஜிலிருந்து 64×64 படங்களை அப்படியே எடுப்பது எப்படி?

நூல்கண்டு:
வணக்கம். நான் குறுக்குத் தையல் போடுகிறவள். போக்கிமான் ஃபயர்ரெட் என்ற கேம் பாய் அட்வான்ஸ் (ஜிபிஏ) விளையாட்டின் சண்டைக் காட்சியில் வரும் சாரிசார்ட் என்ற போக்கிமானை 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடா துணியில் தைக்கப் போகிறேன். பிக்சலுக்கு ஒரு தையல் என்று வைத்தால் 64 தையல், ஏறக்குறைய பதினொன்றரை சென்டிமீட்டர். அளவு கச்சிதம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பெரிதாக்கி, ஓரங்களை மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிறம் இருக்க வேண்டிய படத்தில் நூற்றுக்கணக்கில் நிறம் வந்தால் எந்த நூலை வாங்குவது?

சொந்தக் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. ஜிபிஎக்ஸ்கார்ட் கருவியால் அதை 16 எம்பி கோப்பாக எடுத்தாயிற்று. டைல் (சிறு படக் கட்டம்) பார்க்கும் நிரலில் திறந்தால், ஊருக்குள் நடந்து திரியும் ஆட்களின் சின்ன உருவங்கள் தெளிவாகத் தெரிகின்றன. சண்டைப் படங்கள் மட்டும் எங்கே பார்த்தாலும் புள்ளிக்கூட்டம்தான். பைத்தான் ஓரளவு எழுதுவேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மாலைவெயில்:
ஒரே ஒரு படம்தான் வேண்டும் என்றால் கோப்பைத் தோண்ட வேண்டியதே இல்லை. எம்ஜிபிஏ எமுலேட்டரில் (கணினியில் ஜிபிஏ போல இயங்கும் நிரல்) விளையாட்டை ஓட்டி, படம் திரையில் நிற்கும்போது நிறுத்தி, ஸ்பிரைட் (திரையில் வரும் தனி உருவம்) காட்டும் சாளரத்தைத் திறந்து சேமித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: திரை இருளும்போதோ வெளுக்கும்போதோ எடுத்தால் நிறமும் சேர்ந்து மாறியிருக்கும்.

எட்டுக்கட்டம்:
ஒரு படத்துக்கு மாலைவெயில் சொன்ன வழி போதும். ஆனால் சாரிசார்டைத் தைத்து முடித்தவர் அடுத்து வீனசார் என்ற இன்னொரு போக்கிமானைக் கேட்காமல் இருக்க மாட்டார் என்பதால் முழு வழியையும் சொல்கிறேன். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

கோப்புக்குள் படத்தைக் கண்ணால் தேடாதீர்கள், கணக்கால் தேடுங்கள். கேம் பாய் அட்வான்ஸ் எல்லாப் படத்தையும் 8×8 டைல்களாகத்தான் வைத்துக்கொள்ளும். 16 நிறப் படத்தில் ஒரு பிக்சலுக்கு நான்கு பிட், அதாவது அரை பைட். ஆக ஒரு டைல் 32 பைட். 64×64 படத்தில் 64 டைல், மொத்தம் 2048 பைட். ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண் முறையில்) 800. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

நடக்கும் ஆட்கள் உங்களுக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவை சுருக்கப்படாமல் அப்படியே கிடப்பதுதான். சண்டைப் படங்கள் எல்இசட்77 முறையில் சுருக்கப்பட்டவை. அதை விரிக்கும் வழி அந்தக் கருவிக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸிலேயே இருக்கிறது. அதனால் அந்தக் காலத்து ஜிபிஏ விளையாட்டுகள் ஏராளமானவை இதே வடிவத்தைத்தான் பயன்படுத்தின. இதை ஒருமுறை கற்றால் வேறு கார்ட்ரிட்ஜுக்கும் உதவும்.

சுருக்கிய துண்டின் முதல் பைட் 10. அடுத்த மூன்று பைட்டில், விரித்தபின் வரும் அளவு, கடைசி பைட் முன்னால் வரும்படி எழுதப்பட்டிருக்கும். 800 என்பது 00 08 00 ஆகும். ஆக உங்கள் சாரிசார்ட் 10 00 08 00 என்று தொடங்கும். நிறப்பட்டியல் 16 நிறம், நிறத்துக்கு 2 பைட், மொத்தம் 32 பைட், ஹெக்ஸில் 20. அதுவும் சுருக்கப்பட்டிருக்கிறது, அதன் தொடக்கம் 10 20 00 00. (இரட்டை இரட்டையாக நான் எழுதுவது எல்லாம் ஹெக்ஸ்.)

சரி, நூற்றுக்கணக்கான 10 00 08 00-களில் சாரிசார்ட் எது? அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் 8 பைட்: நான்கு பைட் பாயிண்டர் (படம் இருக்கும் முகவரி), இரண்டு பைட் அளவு, இரண்டு பைட் வரிசை எண். கார்ட்ரிட்ஜ் முகவரிகள் 08000000-இலிருந்து தொடங்குவதால் பாயிண்டரின் கடைசி பைட் 08. அளவு 00 08. சாரிசார்டின் எண் 6, அதாவது 06 00. மூன்றையும் சேர்த்து 08 00 08 06 00 என்று ஹெக்ஸ் எடிட்டரில் தேடுங்கள். சரியான இடம்தானா என்று பார்க்க, எட்டு பைட் தள்ளி 08 00 08 07 00 இருக்கிறதா என்று பாருங்கள். அது ஸ்குவிர்ட்டில்.

இப்படி அகப்படும் அட்டவணைகளில் முதல் இரண்டுதான் நமக்கு வேண்டும். முதலில் வருவது முன்பக்கப் படம், அடுத்தது முதுகுப் படம். முதுகு அட்டவணை முடிந்த கையோடு நிறப்பட்டியல் அட்டவணை தொடங்குகிறது. ஒவ்வொன்றிலும் 440 வரிசைகள். ஆகவே சாரிசார்டின் முதுகு வரிசையிலிருந்து 3520 பைட் (இது சாதாரண எண்) தள்ளிப் போனால் அதன் நிற வரிசை. இன்னொரு 3520 தள்ளினால் ஷைனி (அரிதாக வரும் மாற்று) நிறம், கறுப்புச் சாரிசார்ட்! பாயிண்டரைப் பின்னாலிருந்து படித்து 08000000-ஐக் கழித்தால் கோப்பில் அது இருக்கும் இடம் வந்துவிடும்.

விரிப்பது இப்படி. தலைப்பு நான்கு பைட்டுக்குப் பின் ஒரு கொடி பைட். அதன் எட்டு பிட்டையும் பெரிய பிட்டிலிருந்து படியுங்கள். 0 என்றால் அடுத்த பைட்டை அப்படியே எழுதுங்கள். 1 என்றால் அடுத்த இரண்டு பைட்டை எடுங்கள்: முதல் நான்கு பிட்டுடன் 3 கூட்டினால் நீளம், மீதி 12 பிட்டுடன் 1 கூட்டினால் தூரம். இதுவரை எழுதியதில் அவ்வளவு தூரம் பின்னால் போய், அந்த நீளத்துக்கு ஒவ்வொரு பைட்டாக நகல் எடுங்கள். மொத்தமாக வெட்டி ஒட்டக் கூடாது, நீளம் தூரத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். எட்டு பிட் முடிந்ததும் அடுத்த கொடி. சரியாக 2048-இல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தொடங்கிய இடம் தவறு.

அப்புறம் பைட்டைப் பிரிக்கும்போது சின்ன பாதிதான் இடது பிக்சல், பெரிய பாதி வலது. மாற்றிப் போட்டால் பக்கத்துப் பத்திகள் இடம் மாறி, வெளிக்கோடு ரம்பப் பல் மாதிரி வரும். டைல்களை வரிசைக்கு எட்டாக அடுக்குங்கள்.

நூல்கண்டு:
வந்துவிட்டது! இறக்கை, வால் நெருப்பு, எல்லாம். வீனசாரும் பிளாஸ்டாய்ஸும்கூட எடுத்துவிட்டேன். மிக்க நன்றி எட்டுக்கட்டம்.

இப்போது நிறத்தில்தான் சந்தேகம். நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல எண் ஒவ்வொன்றையும் 8-ஆல் பெருக்கினேன். 31 இருக்கும் இடத்தில் 255 வராமல் 248தான் வருகிறது. ஆரஞ்சு வேறு, கையில் வைத்து விளையாடியபோது பார்த்ததைவிடக் கண்ணைப் பறிக்கிறது. எதை நம்பி நூல் எடுப்பது?

எட்டுக்கட்டம்:
முதல் சிக்கல் எளிது. ஒரு நிறம் 15 பிட்: கடைசி ஐந்து சிவப்பு, நடு ஐந்து பச்சை, மேல் ஐந்து நீலம். ஒவ்வொன்றையும் 8-ஆல் பெருக்கி, அதே எண்ணை 4-ஆல் வகுத்த முழு எண்ணையும் கூட்டுங்கள். 31 என்றால் 248 + 7, சரியாக 255.

இரண்டாவது, உங்கள் கண் சரியாகவே சொல்கிறது. 2001-இல் வந்த முதல் ஜிபிஏவின் திரைக்குப் பின்விளக்கு கிடையாது. நிறங்களை மங்கலாகத்தான் காட்டும். அதற்கு ஈடுகட்ட ஓவியர்கள் நிறத்தைத் தூக்கலாக வைப்பது வழக்கம். கோப்பில் இருப்பது அந்தத் தூக்கலான நிறம். கணினித் திரையில் அதை அப்படியே பார்க்கிறீர்கள். எம்ஜிபிஏவில் பழைய திரையின் நிறத்தைப் போலக் காட்டும் ஷேடர் (நிறத்தை மாற்றிக் காட்டும் வடிகட்டி) உண்டு. அதைப் போட்டுப் பார்த்து, அதற்கு இணையான நூலை எடுங்கள். ஓவியர் மனதில் வைத்து வரைந்தது அந்தத் திரையைத்தான்; என் தேர்வு அதுவே.

மாலைவெயில்:
சரிபார்க்க ஒரு வழி: ப்ரெட் என்ற குழு ஃபயர்ரெட்டின் நிரலைத் திரும்ப எழுதி வெளியிட்டிருக்கிறது. படங்கள் அதில் பிஎன்ஜி கோப்புகளாகவே இருக்கின்றன. பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடலாம்.

நூல்கண்டு:
ஒப்பிட்டேன், ஒரு பிக்சல்கூட மாறவில்லை. கடைசியாக ஒன்று: 0-ஆம் எண் நிறத்தைத் தைக்க வேண்டுமா?

எட்டுக்கட்டம்:
வேண்டாம். ஸ்பிரைட்டில் 0 என்றால் ஒளி ஊடுருவும் இடம், பட்டியலில் அங்கே எந்த நிறம் எழுதியிருந்தாலும் சரி. துணியை வெறுமையாக விடுங்கள். ஆனால் கட்டத்தாளில் நிறத்தைப் பார்த்து நீக்காமல் எண்ணைப் பார்த்து நீக்குங்கள். பல், நகம், கண் இவற்றின் வெளிறிய நிறம் வேறு எண்ணில் இருக்கும். அதைத் தைத்தே ஆக வேண்டும்.