ஐஸ்வர்யா ராய் இந்தி நடிகையா? முதல் படம் எது என்று தெரிந்தவர்கள் மட்டும் பேசுங்கள்

கண்டனூரான் | இரவு 8:40

நேற்று காரைக்குடியில் ஒரு சாந்திக் கல்யாணம். பந்தியில் பேச்சு சினிமா பக்கம் திரும்பியது. எனக்கு அடுத்த இலையில் இருந்தவர், "ஐஸ்வர்யா ராய் இந்தி நடிகை. அங்கே பெரிய ஆளான பிறகு நம்ம பக்கம் விருந்தாளி மாதிரி வந்து போனவர்" என்று அடித்துச் சொன்னார். சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்பந்தி வீட்டுக்காரர் என்பதால் அங்கே வாயைத் திறக்க முடியவில்லை. இங்கே திறக்கிறேன்.

அவருடைய முதல் படம் 'இருவர்'. தமிழ்ப் படம், மணிரத்னம் எடுத்தது. வெளிவந்த நாள் 14.1.1997, பொங்கல். முதல் இந்திப் படமான 'அவுர் பியார் ஹோ கயா' அதே வருஷம் ஆகஸ்டில்தான் வந்தது. ஏழு மாசம் தமிழ் மூத்தது. முதல் படத்திலேயே புஷ்பவல்லி, கல்பனா என்று இரண்டு வேடம். அப்புறம் 1998-ல் 'ஜீன்ஸ்', 2000-ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. விருந்தாளி இப்படியா வருவார்?

செக்காலை சேது | 8:52

வாங்க அண்ணே. போன மாசம் ஏவிஎம் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போனீர்கள். இப்போது புதுக் கடை விரித்திருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'இருவர்' படத்தில் அவர் பேசுகிற ஒரு வரியாவது அவர் குரலா? இரண்டு வேடத்துக்கும் பேசியவர் நடிகை ரோகிணி. ஒரு வரிகூடச் சொந்தக் குரலில் பேசாதவர் எப்படித் தமிழ் நடிகை ஆவார்?

கண்டனூரான் | 8:59

நான் முதல் படம் எது என்று பேசுகிறேன். நீங்கள் குரலுக்குப் போகிறீர்கள். 14.1.1997 என்ற தேதி தப்பா, சரியா? அதைச் சொல்லுங்கள்.

செக்காலை சேது | 9:01

தேதி சரி. குரல் யாருடையது?

தேவகோட்டை ரஸ்தா | 9:10

இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். 1994-ல் மிஸ் இந்தியா பட்டம் வாங்கியவர் சுஷ்மிதா சென். ஐஸ்வர்யா இரண்டாமிடம். அந்த வருஷம் மே 21-ஆம் தேதி மணிலாவில் பிரபஞ்ச அழகிப் பட்டத்தை இந்தியாவுக்கு முதன்முதலாக வாங்கி வந்தவரும் சுஷ்மிதாதான். கடைவீதித் தையல்காரர் தைத்துக் கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு மிஸ் இந்தியா மேடை ஏறிய பெண் அவர். அவரும் 1997-லேயே 'ரட்சகன்' படத்தில் தமிழுக்கு வந்தார். அவருக்காக இந்த ஊரில் யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா?

கண்டனூரான் | 9:24

ரஸ்தா தம்பி, அரைக் கணக்கு சொல்லாதீர்கள். அந்த மிஸ் இந்தியா போட்டியில் இரண்டு பேருக்கும் மதிப்பெண் சமமாக வந்தது. சமன் உடைக்க ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அதில்தான் சுஷ்மிதா முந்தினார். ஒரு கேள்வி வித்தியாசம், அவ்வளவுதான். அதற்காக ஐஸ்வர்யா வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அதே 1994 நவம்பர் 19-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் சன் சிட்டியில் உலக அழகி ஆனார். 1966-ல் ரீட்டா ஃபாரியாவுக்குப் பிறகு 28 வருஷம் கழித்து இந்தியாவுக்கு வந்த பட்டம். ரீட்டா டாக்டர் ஆனார், சினிமா பக்கமே வரவில்லை. ஐஸ்வர்யாவை மாடலாக நாடே பார்த்திருந்தது. 1993-ல் ஆமிர் கானோடு பெப்சி விளம்பரத்தில் வந்து போனதே பெரிய பேச்சு. அப்படிப்பட்டவர் பட்டம் வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து, முதல் படமாகத் தமிழ்ப் படத்தில் வந்தார்.

சுஷ்மிதாவின் முதல் படம் 1996-ல் வந்த 'தஸ்தக்'. இந்தி. அவர் இந்தி வழியாக வந்தவர். இவர் தமிழ் வழியாக வந்தவர். வித்தியாசம் புரிகிறதா?

செக்காலை சேது | 9:27

வந்தார், சரி. பேசினாரா?

ஆத்தங்குடி அன்னம் | 9:41

நானும் ஒன்று சொல்கிறேன். 1999 வாக்கில் 'கண்டுகொண்டேன்' படத்தை நம்ம காரைக்குடிப் பக்கம் எடுத்தார்களே, அந்தப் படத்தில் அக்கா தங்கை இரண்டு பேரும் வீட்டை விட்டுப் போகிற இடத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவர் மாடலிங்குக்கு வருவதற்கு முன்னால் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தவர். கட்டடம் படிக்கப் போன பெண் நம்ம வீட்டு வளவில் (உள்முற்றத்தில்), பர்மா தேக்குத் தூணுக்கு நடுவில் நின்று நடித்திருக்கிறார் என்றால் எனக்கு அதுவே பெருமை. குரல் யாருடையதாக இருந்தால் என்ன? கண் அவருடையதுதானே.

பள்ளத்தூர் பையன் | 9:44

ஆச்சி, அந்த வீடு எங்கள் பக்கம்.

தேவகோட்டை ரஸ்தா | 9:45

இப்படி எல்லா ஊரும் சொல்கிறது. சினிமாவில் முகப்பு ஒரு வீடாக இருக்கும், வளவு இன்னொரு வீடாக இருக்கும். யாரும் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

ஆத்தங்குடி அன்னம் | 9:58

வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் ஆயா வீட்டை ஒரு படத்துக்கு (இந்தப் படம் இல்லை, வேறு) நாலு நாள் கொடுத்தோம். விளக்குக் கம்பத்தை இழுத்ததில் பட்டாலையில் (கூடத்தில்) மூன்று தரைக் கல் விண்டுபோனது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவது இல்லை. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்தக் கல்லுக்குப் பளபளப்பு வந்தது எண்பது வருஷம் ஆட்கள் துடைத்துத் துடைத்து. புதுக் கல் மூன்று வாங்கிப் பதித்தோம். அதே பூ, அதே சிவப்பு. ஆனாலும் வாசலில் நின்று பார்த்தால் அந்த மூன்று மட்டும் தனியாகத் தெரிகிறது. ஆயா கடைசி வரைக்கும் அந்த இடத்தில் பாயை விரித்து மறைத்து வைத்திருந்தார். ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா | 10:04

வருத்தம்தான் ஆச்சி. ஆனால் வாடகை வராத வீட்டுக்கு என்ன கதி? பதினாறு பங்காளி, கூரை ஓடு மாற்ற ஒருத்தர் கையிலும் காசில்லை, கடைசியில் நிலைக்கதவு பழம்பொருள் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கும். சினிமாக்காரன் கொடுக்கிற காசில் மழை ஒழுகாமல் நிற்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆத்தங்குடி அன்னம் | 10:06

ஒழுகுவதற்கு விண்டது பரவாயில்லை என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பட்டாலையில் அது நடந்திருந்தால் இப்படி எழுதுவீர்களா?

கண்டனூரான் | 10:15

கல்லை அப்புறம் பேசலாம். சேது, உங்களுக்குக் குரல்தானே பிரச்சினை? சென்னையிலேயே பிறந்த த்ரிஷாவும் அழகிப் போட்டி வழியாக வந்தவர்தான், 1999 மிஸ் சென்னை. 'விண்ணைத்தாண்டி வருவாயா', '96' இரண்டிலும் அவருக்குப் பேசியவர் சின்மயி. த்ரிஷா தமிழ் நடிகை இல்லையா? சொல்லுங்கள், கேட்போம்.

இன்னொன்று. ஒரு மொழியில் எடுத்த படத்துக்கு வேறு மொழியில் குரல் கொடுத்து ஓட்டலாம் என்று இந்தியாவுக்கே காட்டியவர் யார்? நம்ம காரைக்குடி ஏ.வி. மெய்யப்ப செட்டியார். கன்னட 'ஹரிச்சந்திரா'வை 1944-ல் தமிழில் பேசவைத்தார். அதற்கும் முன்னால் 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் தமிழுக்குப் பின்னணிப் பாட்டு கொண்டுவந்தவரும் அவரே. ஒருவர் வாயசைக்க இன்னொருவர் குரல் கொடுப்பது இந்த மண்ணில் இருந்து போன தொழில். காரைக்குடிக்காரர் நீங்கள் அதைக் குறையாகப் பேசுகிறீர்கள். செக்காலையில் குடியிருந்து என்ன பயன்?

தேவகோட்டை ரஸ்தா | 10:18

ஏவிஎம் ஸ்டுடியோ முதலில் ஓடியது எங்கள் தேவகோட்டை ரஸ்தாவில். 'நாம் இருவர்' 1947-ல் இங்கேதான் எடுத்தது. பதிவுக்காகச் சொல்கிறேன்.

கண்டனூரான் | 10:20

அதை நான்தான் போன மாசமே இங்கே எழுதினேன் தம்பி.

செக்காலை சேது | 10:37

அண்ணே, நான் எங்கே குடியிருக்கிறேன் என்பது இங்கே எதற்கு? குரல் கொடுப்பதை நான் குறையாகப் பேசவில்லை. குரல் கொடுத்தவரை நீங்கள்தான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

என் அக்கா மகள் சென்னையில் டப்பிங் பேசுகிறாள். ஒருமுறை கூடப் போயிருந்தேன். கண்ணாடி அறைக்குள் தனியாக நிற்கிறாள். திரையில் நடிகையின் உதடு எங்கே மூடுகிறதோ அங்கே இவள் சொல்லும் முடிய வேண்டும். ஒரே வரியைப் பதினெட்டுத் தடவை பேசினாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அழுகிற இடத்தில் நிஜமாகவே அழுதாள். வெளியே வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். படம் வந்தபோது குடும்பமாகப் போனோம். அவள் பெயர் கடைசியில் வந்தது. அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள், பாதிப் பேர் படியில் நிற்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது, "அந்தப் பொண்ணு என்னமா தமிழ் பேசுது!"

'இருவர்' ரோகிணி. 'எந்திரன்' சவிதா. 'பொன்னியின் செல்வன்' நந்தினிக்குத் தீபா வெங்கட். இந்த மூன்று பெயரில் ஒன்றையாவது நீங்கள் முதல் பதிவில் எழுதினீர்களா? புஷ்பவல்லி உங்கள் மனதில் நிற்கிறாள் என்றால் அதில் பாதி ரோகிணி. அதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன்.

பள்ளத்தூர் பையன் | 10:40

சேது அண்ணன் சொல்வது நியாயம்.

கண்டனூரான் | 10:52

நியாயம் என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போவது எளிது பையா. ரோகிணிக்கு நான் எதிரி இல்லை, நல்ல நடிகை. ஆனால் பேச்சு முதல் படம் எது என்பதைப் பற்றி. பந்தியில் அந்த ஆள் சொன்னது "இந்தியில் பெரிய ஆளான பிறகு வந்தவர்" என்று. 1997 ஜனவரியில் அவருக்கு இந்தியில் ஒரு படம்கூட இல்லை. இந்தியில் அவரைத் தூக்கி நிறுத்திய 'ஹம் தில் தே சுக்கே சனம்', 'தால்' இரண்டும் 1999. 'தேவதாஸ்' 2002. கான் பட விழாவில் நடுவராக உட்கார்ந்தது 2003. பத்மஸ்ரீ 2009. அத்தனையும் பின்னால் வந்தவை. 'இருவர்' ஓடவில்லை, அது எனக்கும் வருத்தம். ஆனால் அந்தப் படத்துக்காகப் பிரகாஷ் ராஜுக்கும் சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது கிடைத்தது. அப்பேர்ப்பட்ட படத்தில், மங்களூரில் துளு பேசும் வீட்டில் பிறந்த 23 வயதுப் பெண், மொழி தெரியாமல், மோகன்லாலுக்கு எதிரே நின்றார். அந்தத் துணிச்சலைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்.

ஆத்தங்குடி அன்னம் | 11:03

ஒருவரும் யோசிக்காத ஒன்று. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தில் (2023) அவர் ஊமை ராணியாகவும் வருகிறார். அந்த மந்தாகினிக்கு டப்பிங் யார்? யாருமில்லை. பேச்சே கிடையாது. முகத்தாலும் கையாலும் மட்டும் நடித்தது. அது முழுக்க அவருடையது. சேது, அதையாவது ஒத்துக்கொள்கிறீர்களா?

செக்காலை சேது | 11:09

ஆச்சி, நல்ல கேள்வி. அந்த வேடத்தில் அவரை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழில் முழுக்க அவருடையது என்று சொல்ல ஊமை வேடம்தான் கிடைக்கிறது என்றால், அது என் பக்கம் பேசுகிறதா, அண்ணன் பக்கம் பேசுகிறதா?

ஆத்தங்குடி அன்னம் | 11:11

இரண்டு பக்கமும் இல்லை. அவர் பக்கம் பேசுகிறது.

தேவகோட்டை ரஸ்தா | 11:15

சுஷ்மிதா பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கண்டனூரான் | 11:22

உங்களுக்கு 9:24-க்கே பதில் சொல்லியாகிவிட்டது, மேலே போய்ப் படியுங்கள். சேது, நீங்கள் இரவு முழுக்க ஒரே வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளை அந்தச் சம்பந்தி வீட்டுக்கு மறுவீட்டுப் பலகாரம் கொண்டு போகிறேன். 'இருவர்' விளம்பரம் வந்த பழைய வார இதழ் ஒன்று பெட்டகத்தில் இருக்கிறது. அதையும் எடுத்துப் போய் அவர் முன்னால் விரிக்கப் போகிறேன். படம் பிடித்து இங்கேயும் போடுகிறேன்.

செக்காலை சேது | 11:24

போடுங்கள். அதில் ரோகிணி பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

கண்டனூரான் | 11:25

14.1.1997.

பள்ளத்தூர் பையன் | 11:31

ஆச்சி, அந்த மூன்று கல்லையும் எந்தப் பட்டறையில் வாங்கினீர்கள்? எங்கள் வீட்டிலும் இரண்டு விண்டிருக்கிறது.