நவராத்திரிக்கு வீட்டில் கும்பம் வைக்கலாமா?

கல்லடிப்பாலம்:
சென்ற ஆண்டு சரஸ்வதி பூசைக்கு ஒரு பூசகர் ஐயாவிடம் சொல்லிவைத்திருந்தோம். மாலை ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் இரவு பத்து மணிக்கு வந்தார். குழைத்துவைத்த அவல் வறண்டுபோய்விட்டது. பிள்ளைகள் புத்தக அடுக்கின் பக்கத்திலேயே உறங்கிவிட்டார்கள். ஏழு நிமிடத்தில் பூசை முடிந்தது, அதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வேறு. இந்த முறை 9 நாளும் நானே கும்பம் வைத்துச் செய்வதாக இருக்கிறேன். மந்திரத்தை யூடியூபில் ஓடவிடலாம். கணவர் கத்தாரில் இருக்கிறார். ஒரு பெண் தனியாகச் செய்தால் குற்றமா?

ஓய்வாசிரியர்:
மகள், பூசையைத் தாராளமாகச் செய்யுங்கள். கும்பம் மட்டும் வேண்டாம். நூல் சுற்றி, தர்ப்பைப் புல்லை முடிந்த கூர்ச்சம் வைத்து, மந்திரத்தால் தெய்வத்தை எழுந்தருளச் செய்த பிறகுதான் குடம் கும்பமாகிறது. எழுந்தருளியவரை 9 நாளும் வேளை தவறாமல் உபசரிக்க வேண்டும், முடிவில் முறைப்படி வழியனுப்பவும் வேண்டும். அதற்குத் தீட்சை பெற்ற ஒருவர் தேவை. நடுவில் உறவில் ஒரு சாவு விழுந்து 31 நாள் துடக்கு, அதாவது தீட்டு, வந்துவிட்டால் கும்பத்தை என்ன செய்வீர்கள்? யூடியூப் பற்றி ஒன்று கேட்கிறேன்: வானொலியில் சமையல் குறிப்பு ஓடினால் அடுப்பில் சோறு வெந்துவிடுமா?

செட்டிபாளையத்துப் பேத்தி:
ஐயா, மட்டக்களப்பில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் சடங்கைப் பார்த்திருக்கிறீர்களா? வைகாசியில் கோயில் கதவு திறந்து, கும்பம் வைத்து, அம்மனைக் குளிரச் செய்யும் குளிர்த்தி பாடி முடிக்கும்வரை எல்லாம் தமிழ்ப் பாட்டுத்தான். வேப்பிலையும் கமுகம்பாளையுமாக அந்தக் கும்பம் வரும்போது நிற்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். அந்தச் சடங்கை நடத்தும் கப்புகனாரும் கட்டாடியாரும் கோயில் பூசை விதி சொல்லும் எந்த ஆகமப் பாடசாலையில் படித்தார்கள்? கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரத்தில் பூசை செய்து வருகிறவர்களும் சிவாச்சாரியார் குலம் அல்லாத வீரசைவக் குருமார்தான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் காலத்தில் உறுதிப்பட்ட ஒழுங்கைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வேலி அடைக்காதீர்கள்.

ஓய்வாசிரியர்:
ஆகமம் யாழ்ப்பாணத்தில் முளைத்ததன்று, தங்கச்சி. கட்டாடியார் படிக்கவில்லை என்று யார் சொன்னது? தகப்பனிடமும் மாமனிடமும் ஆண்டுக்கணக்கில் கூட நின்று பழகியவர். சடங்குக் காலத்தில் அவர் காக்கும் விரதத்தை நீங்களும் அறிவீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். பழகியவர் செய்ய வேண்டிய காரியம் அது. உங்கள் உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது.

செட்டிபாளையத்துப் பேத்தி:
அந்த இடத்தில் மடக்கிவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழக்கம் என்பது ஆண்களிடம் மட்டும் இல்லை. என் பெத்தா, என் பாட்டி, அம்மன் கோயிலுக்குப் படையல் பொருள் கொண்டுபோகும் மடைப்பெட்டியை நிறைக்கும்போது வெற்றிலை எந்தப் பக்கம், பழம் எந்தப் பக்கம் என்று ஓர் அங்குலம் பிசகவிடமாட்டார். அவர் செய்ததற்கு யாரும் பூசை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தோஹாவில் கல்முனையான்:
இங்கே எட்டுப் பேர் ஓர் அறையில் இருக்கிறோம். அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சரஸ்வதி படம், ஒரு தட்டில் பேரீச்சம்பழம். தேங்காய் உடைத்தால் மேற்பார்வையாளர் கதவைத் தட்டுவார். எங்கள் பூசை எந்தக் கணக்கில் வரும், ஐயா?

ஓய்வாசிரியர்:
முதற்கணக்கில், தம்பி. நான் தடுப்பது கும்பத்தை, கும்பிடுவதை அல்ல. கல்லடி மகளுக்கும் அதுதான் பதில்: கும்பத்துக்குப் பதிலாக நிறைகுடம் வையுங்கள். தலைவாழை இலையில் நெல் பரப்பி, குடத்தில் நீர் நிறைத்து, 5 மாவிலை, அதன்மேல் குடுமித் தேங்காய். நூல் இல்லை, கூர்ச்சம் இல்லை. முன்னால் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்துங்கள். முதல் 3 நாள் துர்க்கை, அடுத்த 3 நாள் இலட்சுமி, கடைசி 3 நாள் சரஸ்வதி. யூடியூபை நிறுத்திவிட்டுச் சகலகலாவல்லிமாலை படியுங்கள். 10 பாட்டுத்தான், குமரகுருபரர் தமிழிலேயே பாடித் தந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து கொடுத்தால் தூங்கமாட்டார்கள்.

செட்டிபாளையத்துப் பேத்தி:
நூலை எடுத்துவிட்டால் சரி, சுற்றினால் பிழை! அம்மாள் நூலைப் பார்த்தா வருகிறாள்? அக்கா, நான் உங்கள் இடத்தில் இருந்தால் கும்பமே வைப்பேன்.

கல்லடிப்பாலம்:
நிறைகுடமே வைக்கிறேன், தங்கச்சி. ஐயா சொன்ன சாவுத் துடக்குத்தான் யோசிக்க வைத்தது. மாமி படுக்கையில் இருக்கிறார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: விசயதசமி முடிந்த பிறகு அந்தத் தேங்காயை என்ன செய்வது? சம்பலுக்குத் துருவலாமா?

ஓய்வாசிரியர்:
தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுங்கள். தேங்காயைச் சர்க்கரைப் பொங்கலில் சேருங்கள், சம்பல் வேண்டாம்.

செட்டிபாளையத்துப் பேத்தி:
எங்கள் வீட்டில் சம்பல்தான் அரைத்தோம்.