டிடிஎல்-எச்2000: இரண்டு ஐஎஸ்ஏ போர்டுகளை இன்றைய கணினியில் ஓட வைக்க முடியுமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. நான் லிவர்பூலில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், 90-களில் முதல் பிளேஸ்டேஷனுக்கு கேம் எழுதியவர். வீடு மாறும்போது பரணில் இருந்த ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். உள்ளே டிடிஎல்-எச்2000, அதாவது பிளேஸ்டேஷனுக்கு கேம் எழுதுபவர்களுக்கான சோனியின் டெவலப்மென்ட் கருவி. ஒன்றோடொன்று கேபிளால் இணையும் இரண்டு ஐஎஸ்ஏ (பழைய கணினிகளின் கார்டு ஸ்லாட் வகை) போர்டுகள், ஒவ்வொன்றும் நல்ல நீளம் இருக்கும். கூடவே அந்த போர்டுகளுக்கான சை-க்யூ டெவலப்மென்ட் மென்பொருள் ஃபிளாப்பிகளும், அவர் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய நான்கு சோர்ஸ் கோடு ஃபிளாப்பிகளும்.

என்னிடம் இருப்பது பி550 மதர்போர்டு, விண்டோஸ் 11. தேடியதில் மூன்று வழிகள் கண்ணில் பட்டன. யூஎஸ்பியிலிருந்து ஐஎஸ்ஏ கொடுக்கும் பெட்டி ஒன்று. பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிசிஐ, அங்கிருந்து ஐஎஸ்ஏ என்று இரண்டு பிரிட்ஜ்களை (ஒரு பஸ்ஸை இன்னொன்றோடு இணைக்கும் சிப்) கோத்துப் போவது இன்னொன்று. மூன்றாவது, மதர்போர்டில் பாதுகாப்புச் சிப்புக்கென இருக்கும் டிபிஎம் ஹெட்டரில் செருகும் "டிஸப்பாயின்ட்மென்ட்" அடாப்டர். எதை வாங்கலாம்? எமுலேட்டரில் ஓட்டத் தெரியும். ஆனால் அவர் வேலை செய்த அந்த போர்டிலேயே அவருடைய கோடு ஓடுவதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. போர்டை எரித்துவிடுவேனோ என்றுதான் பயம்.

முதல் பதில்

மூன்றையும் வாங்காதீர்கள். இதே ஆசையில் இரண்டு வருடம் அலைந்தவன் என்பதால் சொல்கிறேன்.

யூஎஸ்பி பெட்டி தன் சொந்த டிரைவர் வழியாக மட்டும்தான் பேசும். சை-க்யூவின் டாஸ் டிரைவர் ஐஓ போர்ட்டை (கார்டோடு பேசும் முகவரி) நேராகத் தொடுகிறது, அதற்கு அந்தப் பெட்டி கண்ணுக்கே தெரியாது. தவிர, 64-பிட் விண்டோஸில் 16-பிட் டாஸ் புரோகிராம் எதுவும் ஓடாது. கார்டைச் செருகிவிட்டாலும் அதைக் கூப்பிட ஆள் இருக்காது.

இரட்டைப் பிரிட்ஜில்தான் நான் அதிக நாள் தொலைத்தேன். பிசிஐ பிரிட்ஜ் ஒன்றுக்குப் பின்னால் ஐஓ முகவரிகளை 4 கேபி துண்டுகளாகத்தான் ஒதுக்குவார்கள். 1000 ஹெக்ஸுக்குக் கீழே உள்ள பழைய முகவரிகளைக் கேட்டால், அந்தக் கேள்வி சாதாரணமாக பிரிட்ஜைத் தாண்டி கார்டு வரை போய்ச் சேராது. ஐஎஸ்ஏ டிஎம்ஏவும் (சிபியு நடுவில் இல்லாமல் கார்டும் மெமரியும் தரவு பரிமாறும் முறை) பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வராது. இன்டரப்டும் (கார்டு சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) அதே கதைதான்: ஐஎஸ்ஏவில் ஒவ்வொரு ஐஆர்க்யூவுக்கும் (இன்டரப்ட் எண்) தனிக் கம்பி, பிசிஐயில் நாலு கம்பிகளை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

டிஸப்பாயின்ட்மென்ட் உண்மையிலேயே அருமையான வேலை. டிபிஎம் ஹெட்டரில் வரும் எல்பிசி பஸ் என்பது ஐஎஸ்ஏவைக் குறைந்த கம்பிகளில் சுருக்கியது, அதனால் முகவரி, இன்டரப்ட் எல்லாம் பழைய ஒழுங்கிலேயே வருகின்றன. டிஎம்ஏ வேண்டுமென்றால் எல்டிஆர்க்யூ என்ற டிஎம்ஏ கோரிக்கைக் கம்பியை மதர்போர்டிலிருந்தே சால்டர் செய்து எடுக்க வேண்டும், டிபிஎம் ஹெட்டரில் அது கிடையாது. உங்கள் போர்டு மேனுவலைத் திறந்து பாருங்கள். புதிய போர்டுகளில் பெரும்பாலும் அந்த ஹெட்டரில் எல்பிசி இல்லை, எஸ்பிஐ என்ற வேறு பஸ்தான் வருகிறது. அப்படியிருந்தால் இந்த வழியும் அடைபட்டது.

நான் கடைசியில் செய்தது இதுதான். இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள பென்டியம் 3 மதர்போர்டு ஒன்றைப் பிடித்தேன். 1999 வாக்கில் இன்டெல் 810 சிப்செட்டும் 'பிசி 99' என்ற கணினி வடிவமைப்பு வழிகாட்டியும் வந்த பிறகு ஐஎஸ்ஏ ஸ்லாட் மெல்ல மறைந்துபோனது, அதனால் அதற்கு முந்தைய போர்டாகப் பாருங்கள். இரண்டு ஐஎஸ்ஏ ஸ்லாட் பக்கத்து பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். கடைசி ஐஎஸ்ஏ ஸ்லாட்டும் அதை ஒட்டிய பிசிஐ ஸ்லாட்டும் பின்பக்கத் துவாரம் ஒன்றையே பங்கு போடும், இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். கார்டு நீளத்துக்கு கேபினட் சரிப்படாவிட்டால் மேசை மேல் திறந்த நிலையில் ஓட்டுங்கள், நான் இன்றும் அப்படித்தான்.

பவர் கொடுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் பி5 முனையில் மைனஸ் 5 வோல்ட் வர வேண்டும். இன்று விற்கும் பவர் சப்ளைகளில் அந்த வோல்டேஜே கிடையாது. உங்கள் இரண்டு கார்டிலும் பி5 விரலிலிருந்து தடம் ஏதாவது உள்ளே ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பழைய பவர் சப்ளை வேண்டும். பிறகு 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அடி கசிந்த கெப்பாசிட்டர் இருந்தால் மாற்றிவிட்டு மேலே போங்கள்.

இன்றைய கணினி எதற்கு என்றால், கோடு எழுதவும் கம்பைல் செய்யவும். டாஸ் ஓடும் அந்தப் பழைய கணினியில் ஒரு நெட்வொர்க் கார்டு, அதற்கு பாக்கெட் டிரைவர், மேலே எம்டிசிபி என்ற டாஸ் நெட்வொர்க் மென்பொருளின் எஃப்டிபி சர்வர். புதிய கணினியிலிருந்து ஃபைலை அனுப்புங்கள். பிறகு டாஸில் ரீசெட் கொடுத்து ரன் கட்டளையால் கம்பைல் ஆன சிபிஇ ஃபைலை ஏற்றுங்கள். ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும்: அந்த போர்டில் மெயின் மெமரி 8 எம்பி, கடையில் விற்ற பிளேஸ்டேஷனில் 2 எம்பிதான். இங்கே ஓடியது அங்கே ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது பதில்

மேலே சொன்னது ஐஎஸ்ஏவுக்கு முழுக்கச் சரி. பிசிஐ கார்டு என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. என்னிடம் இருப்பது சேகா டிரீம்காஸ்டின் கட்டானா டெவலப்மென்ட் பெட்டி. அது ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறையில் பேசும், அதனால் ஒரு அடாப்டெக் 2940 ஸ்கஸி கார்டை பிசிஐ எக்ஸ்பிரஸ் பிரிட்ஜ் மேல் போட்டு லினக்ஸில் பார்த்தேன், கார்டு உடனே தெரிந்தது. அதை விர்ச்சுவல் மெஷினில் இருக்கும் விண்டோஸ் 98-க்குக் கொடுக்கப் போனபோதுதான் சிக்கல். பிசிஐ 2.3-க்கு முந்தைய கார்டுகளில் இன்டரப்டை அணைக்கும் பிட் கிடையாது, அதனால் வேறு எதுவும் பகிராத ஐஆர்க்யூ அதற்குத் தனியாக வேண்டும். கார்டை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றி மாற்றித்தான் கண்டுபிடித்தேன்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிஎக்ஸ் போர்டு கிடைத்தது, ஐஎஸ்ஏ ஸ்லாட் மூன்று. இரண்டாவது கார்டில் ஒரு கெப்பாசிட்டர் கசிந்திருந்தது, மாற்றினேன். நான்கு ஃபிளாப்பிகளில் ஒன்று படிக்க முடியவில்லை, மற்ற மூன்றையும் இமேஜ் எடுத்துவிட்டேன். நேற்று சாயங்காலம் பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். டாஸ் திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சொல்லும் முன்னாலேயே ரீசெட் கட்டளையை அவரே அடித்தார். டிவியில் அவருடைய கார் திரும்பியது. பின்சக்கரம் தரைக்குள் கொஞ்சம் புதைந்திருக்கிறது, அதைச் சரி செய்ய அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.